குடிநோய்க்கான மருந்துகளும் சமுதாய சுகாதாரப் பணியாளர்களும்

குடிநோய் என்பது, மது அருந்துவதைக் கட்டுப்படுத்த முடியாமல், உடல்நலமும் குடும்பமும் தொழிலும் கெட்ட பின்னரும் தொடர்ந்து குடிக்கச் செய்யும் நோயாகும். இதற்கு மருந்துகள் உள்ளன. அவற்றுள் சில பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கும் சாதாரண மாத்திரைகள். ஆயினும் இந்தியாவில் இந்நோய் உள்ளவர்களில் மிகச் சிலரிடமே அவை போய்ச் சேர்கின்றன. இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுசெல்லும் சுகாதாரப் பணியாளர்கள் வழியாகக் குடிநோய் மருந்துகளையும் கொண்டுசெல்ல முடியுமா, அதற்கான எல்லைகள் எவை என்பதைச் செங்கல்பட்டு மாவட்டம் அச்சரப்பாக்கம் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பழக்கமும் நோயும்

மது அருந்துவோர் அனைவரும் குடிநோயாளிகள் அல்லர். புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் தேசியப் போதைப்பொருள் சார்பு சிகிச்சை மையம் நடத்தி, 2019இல் வெளியிடப்பட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியர்களில் 14.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துகின்றனர். மதுவைச் சார்ந்து வாழும் நிலையை அடைந்துவிட்டவர்கள் 2.7 விழுக்காட்டினர், எண்ணிக்கையில் சுமார் 2.9 கோடி.

நாள்தோறும் மது உடலுக்குள் செல்லும்போது மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. நரம்புகளை அமைதிப்படுத்தும் வேலையை மது எடுத்துக்கொள்வதால், அதை ஈடுகட்ட மூளையின் கிளர்ச்சி நிலை உயர்கிறது. இந்நிலையில் மதுவைத் திடீரென நிறுத்தினால் கிளர்ச்சி மட்டும் எஞ்சி நிற்கிறது. கை நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு, தூக்கமின்மை ஆகியவை சில மணி நேரத்திலேயே தொடங்குகின்றன. இவை விலகல் அறிகுறிகள் எனப்படும். சிலருக்கு முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நினைவு குழம்பி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும் கடுமையான நிலையும் ஏற்படலாம். சிகிச்சை அளிக்காவிட்டால் அது உயிரைப் பறிக்கக்கூடியது.

காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு வாய் குடித்தால் நின்றுவிடுகிறது என்பது நோய் முற்றியதற்கான அடையாளம். அப்போது அவர் இன்பத்திற்காகக் குடிப்பதில்லை. நடுக்கத்தை அடக்குவதற்காகக் குடிக்கிறார். “மனசு வைத்தால் விட்டுவிடலாம்” என்ற அறிவுரை பல வீடுகளில் பலனின்றிப் போவதற்கு இது முக்கியமான காரணம். மன உறுதி தேவைதான். அதனுடன் மருத்துவமும் தேவை.

சிகிச்சை எட்டாத தூரம்

மேற்சொன்ன தேசிய ஆய்வு மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்தியது. மதுவைச் சார்ந்து வாழ்வோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறினர். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவரே. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015–16இல் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வும், மதுவால் வரும் நோய்களில் சிகிச்சை பெறாதோர் 86 விழுக்காட்டினர் என்று கண்டது.

இந்த இடைவெளிக்குத் தூரம், கூலி இழப்பு, வெட்கம், அறியாமை என்று பல காரணங்கள் உண்டு. அச்சரப்பாக்கத்தை வைத்துப் பார்த்தால் இவை தெளிவாகும்.

அச்சிறுபாக்கம் என்றும் வழங்கப்படும் அச்சரப்பாக்கம், மதுராந்தகம் வட்டத்திலுள்ள ஒரு பேரூராட்சி. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும், செங்கல்பட்டு–விழுப்புரம் இரயில் பாதையும் இதன் வழியே செல்கின்றன. சுற்றிலும் ஏரிப்பாசன நெல் வயல்கள். கிழக்கே செய்யூர்ப் பக்கம் உப்பளங்கள். அதற்கப்பால் மாமல்லபுரம் வரை நீளும் கடற்கரைக் குப்பங்கள். நாட்கூலியை நம்பி வாழ்வோர் மிகுந்த பகுதி இது. மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையான செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அச்சரப்பாக்கத்திலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளது. நெடுஞ்சாலையில் இருப்பவருக்குப் பேருந்து எளிது. உட்கிராமத்தில் இருப்பவருக்கு அது ஒரு முழு நாள் பயணம்.

குடிநோய்க்கான மருந்தைச் சில மாதங்கள் முதல் ஓராண்டு வரை தொடர்ந்து உட்கொள்ள வேண்டியிருக்கும். 15 நாளுக்கு ஒருமுறை சென்று மாத்திரை வாங்க வேண்டுமானால் ஆண்டுக்கு 24 நாள் கூலி போய்விடும். துணைக்கு மனைவியும் சென்றால் 48 நாள் கூலி. மாத்திரை இலவசமாகக் கிடைத்தாலும் அதை வாங்கப் போகும் செலவு இலவசமாவதில்லை. முதல் மாதம் ஒழுங்காகச் செல்பவர் அறுவடைக் காலத்திலோ மீன்பிடிப் பருவத்திலோ போகாமல் நின்றுவிடுகிறார். மருந்து நின்ற சில வாரங்களில் குடி திரும்புகிறது. “சிகிச்சை எடுத்தும் திருந்தவில்லை” என்று ஊர் பேசுகிறது.

கடை மூடியிருக்கும் நேரம்

சிகிச்சை கிடைக்காததன் விலையை இம்மாவட்டம் அண்மைக்காலத்தில் இருமுறை கண்டது.

2020 மார்ச் இறுதியில் கொரோனா ஊரடங்கால் மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டன. பல்லாயிரம் பேருக்கு மது ஒரே நேரத்தில் நின்றது. அவர்களுக்கு விலகல் அறிகுறிகள் வரும் என்பதை எண்ணி முன்னேற்பாடு செய்ய யாருக்கும் நேரமில்லை. அந்த ஏப்ரல் தொடக்கத்தில் செங்கல்பட்டில் மதுவுக்குப் பதிலாக வார்னிஷ் கலவையைக் குடித்து மூவர் இறந்தனர்.

2023 மே மாதத்தில் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகேயுள்ள எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டத்தின் பெருக்கரணை, பேரம்பாக்கம் ஆகிய ஊர்களிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே வகை நஞ்சு 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது.

இவ்வாறு இறந்தவர்கள் எல்லாரும் குடிநோயாளிகள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கள்ளச்சாராயத்திற்கு நிலையான வாடிக்கையாளர்கள் இருப்பதற்கும் குடிநோய்க்கும் தொடர்பு உண்டு. அரசு மதுக்கடை நண்பகல் 12 மணிக்குத் திறக்கிறது. முற்றிய குடிநோயாளிக்கு நடுக்கம் விடியற்காலையிலேயே தொடங்கிவிடுகிறது. வேலைக்குப் போகக் கை நிலைபெற வேண்டும். அந்த இடைப்பட்ட நேரத்தில், குறைந்த விலையில், வீட்டருகில் கிடைப்பதை அவர் குடிக்கிறார். சாராயம் காய்ச்சுவோரையும் விற்போரையும் பிடிப்பது காவல்துறையின் வேலை. விடியற்காலை நடுக்கத்தை நிறுத்துவது மருத்துவத்தின் வேலை. முன்னதை மட்டும் செய்தால் விற்பவர் மாறுவார்; வாங்குபவர் அப்படியே இருப்பார்.

மருந்துகள்

குடிநோய் மருத்துவம் இரு கட்டங்களைக் கொண்டது. முதற்கட்டம் மதுவைப் பாதுகாப்பாக நிறுத்துவது. இதற்குப் பொதுவாக ஐந்து முதல் பத்து நாட்கள் ஆகும். இரண்டாம் கட்டம் மீண்டும் குடிக்காமல் காப்பது. இதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

முதற்கட்ட மருந்துகள்:

• குளோர்டயசிபாக்சைடு, டயசிபாம், லோரசிபாம்: நடுக்கத்தையும் வலிப்பையும் தடுப்பவை. முதல் நாள் தேவையான அளவில் தொடங்கி, நாள்தோறும் குறைத்து நிறுத்திவிட வேண்டும். இவற்றுக்கே அடிமையாகும் வாய்ப்பு இருப்பதாலும், மதுவுடன் சேர்ந்தால் மூச்சு தடைப்படலாம் என்பதாலும், மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே தரப்படுகின்றன.

• தயமின் எனப்படும் வைட்டமின் பி1: நெடுங்காலம் குடிப்பவர்களிடம் இது குறைந்து, நினைவிழப்பும் நடைத் தடுமாற்றமும் உண்டாகலாம். எனவே தொடக்கத்திலேயே ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுக்கப்படுகிறது. உடலில் தயமின் குறைந்தவருக்கு அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது தீங்காக முடியலாம்.

இரண்டாம் கட்ட மருந்துகள்:

• நால்ட்ரெக்சோன்: வழக்கமாக நாளொன்றுக்கு 50 மி.கி. மது தரும் கிளுகிளுப்பைக் குறைத்து, குடிக்கும் தவிப்பைத் தணிக்கிறது. கல்லீரல் நிலையைப் பரிசோதித்துத் தொடங்க வேண்டும். அபின் வகை வலிமருந்து உட்கொள்பவருக்குத் தரக்கூடாது.

• அகாம்ப்ரோசேட்: 333 மி.கி. மாத்திரைகள் இரண்டிரண்டாக நாளுக்கு மூன்று வேளை. கல்லீரல் பாதித்தவர்களுக்கும் பெரும்பாலும் பயன்படுத்தலாம். சிறுநீரகம் கடுமையாகப் பாதித்தவருக்கு ஆகாது.

• டைசல்பிராம்: டென்மார்க்கில் கண்டறியப்பட்டு 1948இல் வெளியுலகுக்குத் தெரிந்த பழைய மருந்து. இதை உட்கொண்டிருக்கும்போது குடித்தால் முகம் சிவத்தல், வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியவை ஏற்படும். அந்த அச்சமே குடிப்பதைத் தடுக்கிறது. இதய நோயாளிகளுக்கு இது ஆபத்தானது. மாத்திரையை நிறுத்திய பின்னும் ஏறக்குறைய இரண்டு வாரங்கள் வரை இதன் விளைவு இருக்கலாம். மது கலந்த இருமல் மருந்துகளும், நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் அரிஷ்டங்களும் கூட இதனுடன் சேரக்கூடாதவை.

• பேக்லோஃபென்: தசை இறுக்கத்திற்கான மருந்து. கல்லீரல் சுருங்கிய குடிநோயாளிகள் சிலருக்கு மருத்துவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

உலக சுகாதார நிறுவனம் 2023இல் தன் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் அகாம்ப்ரோசேட்டையும் நால்ட்ரெக்சோனையும் சேர்த்தது. ஓர் அரசின் அடிப்படைச் சுகாதாரச் சேவையில் இவை இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

இம்மருந்துகள் மாயம் செய்வன அல்ல. பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, அகாம்ப்ரோசேட் பெறும் 12 பேரில் கூடுதலாக ஒருவரும், நால்ட்ரெக்சோன் பெறும் 20 பேரில் கூடுதலாக ஒருவரும் மீண்டும் குடிக்காமல் காக்கப்படுகின்றனர். அளவுமீறிக் குடிக்கும் நிலைக்குத் திரும்பாமல் காப்பதில் நால்ட்ரெக்சோனின் பயன் இன்னும் சற்று அதிகம். 12 பேருக்கு ஒருவர் என்பது சிறிதாகத் தோன்றலாம். நீண்டகால நோய்களுக்குத் தரப்படும் பல மருந்துகளோடு ஒப்பிட்டால் இது குறைவான பயன் அன்று. ஆனால் மாத்திரையைத் தொடர்ந்து உட்கொண்டால்தான் இந்தப் பயனும் கிடைக்கும்.

மருந்து வீட்டுக்கு வந்த வரலாறு

நெடுங்கால நோய்க்கு மருத்துவமனையில் தங்கித்தான் சிகிச்சை பெற வேண்டும் என்ற எண்ணத்தை உலகில் முதன்முதலாக மாற்றிய முயற்சிகளுள் ஒன்று சென்னையில் நடந்தது. 1950களில் காசநோயாளிகளைத் தனியிட மருத்துவமனைகளில் ஓராண்டு தங்கவைப்பதே நல்ல சிகிச்சை எனக் கருதப்பட்டது. படுக்கைகளோ மிகக் குறைவு. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம் இதைச் சோதித்துப் பார்த்தது. நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மருத்துவமனையில் ஓய்வும் நல்லுணவும் மருந்தும் தரப்பட்டன. மற்றவர்களுக்கு நெருக்கடியான குடிசை வீடுகளிலேயே அதே மருந்து தரப்பட்டது. சுகாதாரப் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர். மருந்து உட்கொண்டதைச் சிறுநீர்ப் பரிசோதனையால் உறுதிசெய்தனர். 1959இல் வெளியான முடிவின்படி இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். இன்று அந்த மையம் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. மாத்திரை ஒழுங்காக உள்ளே போனால் நோயாளி எங்கே படுத்திருக்கிறார் என்பது பெரிய வேறுபாட்டைத் தராது என்பதே அந்த ஆய்வின் பாடம்.

குடிநோய்த் துறையிலும் தமிழ்நாட்டுக்கு முன்னோடி அனுபவம் உண்டு. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, நகரத்துக்கு வர இயலாத கிராமத்தவர்களுக்காக மஞ்சக்குடி என்ற ஊரில் 1989 முதல் சிகிச்சை முகாம்களை நடத்தியது. மருத்துவரும் ஆலோசகர்களும் ஊருக்குச் சென்று, ஊராரின் துணையுடன் முகாமிட்டு, மருந்தும் ஆலோசனையும் வழங்கினர். குடும்பத்தினருக்கும் அங்கேயே பயிற்சி தரப்பட்டது. மருத்துவமனை ஊருக்குப் போனால் நோயாளிகள் வருவார்கள் என்பதை அது காட்டியது.

மூன்றாவது முன்மாதிரி இன்றும் நடைமுறையில் உள்ளது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழ்நாடு அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றைச் சோதித்து, மருத்துவர் எழுதிய மாத்திரைகளை வீட்டிலேயே கொடுக்கின்றனர். இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் இத்திட்டத்தில் அடங்கும். 2024இல் இத்திட்டம் ஐக்கிய நாடுகள் அவையின் விருதைப் பெற்றது.

குடிநோயும் இரத்த அழுத்தம் போலவே நெடுநாள் நோய். இதற்கும் மாத்திரை, மாதந்தோறும் கண்காணிப்பு, இடையில் விட்டால் திரும்பும் இயல்பு ஆகியவை பொருந்தும். எனவே ஏற்கெனவே போடப்பட்ட பாதையிலேயே இதையும் கொண்டுசெல்லலாம் என்பதுதான் கருத்து.

யார் எதைச் செய்யலாம்

சமுதாய சுகாதாரப் பணியாளர் என்ற சொல் பலரைக் குறிக்கும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியர், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர், துணை சுகாதார நிலையத்தின் இடைநிலைச் சுகாதாரப் பணியாளர், சுகாதார ஆய்வாளர் ஆகியோர் இவர்களுள் அடங்குவர். ஒன்றிய அரசு 2020இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளும் மனநலம், நரம்பு நோய், போதைப்பொருள் பயன்பாடு ஆகியவற்றுக்கான சேவையைத் துணை சுகாதார நிலைய அளவில் தர வேண்டும் என்கின்றன.

வேலைப் பங்கீடு இவ்வாறு அமையலாம்:

1. கண்டறிதல்: உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட வினாப்பட்டியல் உள்ளது. எத்தனை நாள் குடிக்கிறார், எவ்வளவு குடிக்கிறார், காலையில் குடிக்க வேண்டியிருக்கிறதா என்பன போன்ற கேள்விகளுக்கு மதிப்பெண் இட்டு அபாய நிலையை அறியலாம். இதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. முறையான பயிற்சி போதும். மாத்திரை உட்கொண்டும் இரத்த அழுத்தம் குறையாத ஆணிடம் இதைக் கேட்கத் தன்னார்வலருக்கு இயல்பான காரணமும் உண்டு. மது இரத்த அழுத்தத்தை உயர்த்துவது.

2. தொடங்குதல்: எந்த மருந்து, எந்த அளவு என்பதை மருத்துவர் மட்டுமே முடிவுசெய்ய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவருடன் கலந்து இதைச் செய்யலாம். 1996இல் நாட்டில் இத்திட்டம் தொடங்கியபோது முதல் நான்கு மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்றாக இருந்தது. இன்று அது தமிழ்நாடு முழுவதும் உள்ளது. முன்பு வலிப்போ மனக்குழப்பமோ வந்தவர்கள், கல்லீரல் நோய் முற்றியவர்கள், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவமனையில்தான் தொடங்க வேண்டும்.

3. தொடர்தல்: இரண்டாம் கட்ட மாத்திரைகளை மாதந்தோறும் வீட்டில் கொடுப்பது, மீதமுள்ளவற்றை எண்ணுவது, கண் மஞ்சளாதல், கடும் வாந்தி போன்ற அறிகுறிகளைக் கவனித்து உடனே அனுப்புவது ஆகியவை பணியாளரின் வேலை.

4. துணைநிற்றல்: மறுபடி குடித்துவிட்டவரைத் திட்டாமல் மீண்டும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது. மறுபடி குடிப்பது இந்நோயின் இயல்பு. அன்றோடு சிகிச்சை முடிந்துவிடுவதில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு மறைமுக நன்மையும் உண்டு. போதை மறுவாழ்வு மையத்தின் வாசலில் நிற்பதைக் கண்டால் ஊர் பேசும். தன்னார்வலர் ஒருவர் வீட்டுக்கு வந்து போவதை யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. அவருடைய பையில் இருப்பது சர்க்கரை மாத்திரையா, வேறு மாத்திரையா என்பது தெருவுக்குத் தெரிய வேண்டியதில்லை.

பிற இடங்களின் அனுபவம்

கோவாவில் சங்காத் என்ற தொண்டு நிறுவனம், மருத்துவப் பட்டமோ உளவியல் பட்டமோ இல்லாத உள்ளூர் மக்களுக்குப் பயிற்சி அளித்து, 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசகர்களாக அமர்த்தியது. தீங்கு தரும் அளவில் குடித்த 377 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. மூன்று மாதத்தில், ஆலோசனை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினர் அந்நிலையிலிருந்து மீண்டனர். பெறாதவர்களில் 26 விழுக்காட்டினர். இது பேச்சு வழியிலான சிகிச்சை மட்டுமே. முற்றிய குடிநோய்க்கு மருந்தும் வேண்டும். ஆனால் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர் ஒருவர் சொல்வதை நோயாளிகள் கேட்பார்கள் என்பதற்கு இது சான்று.

அபின் வகைப் போதைக்கு அடிமையானவர்களுக்குப் பியூப்ரினார்பின் என்ற மாத்திரை நாவின் அடியில் வைத்துத் தரப்படுகிறது. பிரான்சு நாடு 1990களின் நடுவில் இதைச் சாதாரணக் குடும்ப மருத்துவர்களும் எழுதித்தர அனுமதித்தது. 1995க்கும் 1999க்கும் இடையில் அந்நாட்டில் அளவுமீறிய போதையால் நேர்ந்த சாவுகள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. பஞ்சாப் அரசு 2017 அக்டோபரில் மோகா, தரன் தாரன், அமிர்தசரஸ் மாவட்டங்களில் புறநோயாளி மையங்களைத் தொடங்கி, இம்மாத்திரையை நோயாளிகளுக்கு ஊருக்கு அருகிலேயே வழங்கியது. கொரோனா காலத்தில் இரண்டு, மூன்று வாரங்களுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொடுத்தனுப்பவும் செய்தது. கதவு அகலமாகத் திறக்கும்போது மக்கள் வருகின்றனர் என்பது இரு அனுபவங்களுக்கும் பொது. மருந்து வெளிச்சந்தைக்குக் கசியும் அபாயமும் இரு இடங்களிலும் இருந்தது. இந்தியாவில் பியூப்ரினார்பின் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருவது. எனவே தன்னார்வலர் பையில் கொண்டுசெல்லும் மருந்தாக அதை இப்போது கருத இயலாது.

எல்லைகளும் எச்சரிக்கைகளும்

தெரியாமல் கொடுக்கலாகாது. “குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்” என்ற விளம்பரங்களைப் பல இடங்களில் காணலாம். அப்பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. டைசல்பிராமை அவ்வாறு கொடுத்தால், அதை அறியாத கணவர் வழக்கம்போல் குடித்து மயங்கி விழலாம், உயிரும் போகலாம். விரக்தியில் இதைச் செய்யும் மனைவியைக் குறை சொல்வதைவிட, அவருக்கு ஒழுங்கான வழி ஒன்றைக் காட்டுவது பயன்தரும். வீடு தேடி வரும் பணியாளர் அந்த வழியாக இருக்கலாம்.

திடீரென நிறுத்தலாகாது. கோயிலில் கயிறு கட்டிக்கொள்வது, மாலை போட்டு விரதம் இருப்பது ஆகியவை இப்பகுதியில் பலர் மதுவை விடத் தேர்ந்தெடுக்கும் வழிகள். மிதமாகக் குடிப்பவருக்கு அது நல்ல தொடக்கமாக அமையும். காலையிலேயே குடிக்க வேண்டிய நிலையிலுள்ளவர் மருத்துவரைப் பார்க்காமல் நிறுத்தினால், மூன்றாம் நாள் உளறலும் மாயக் காட்சிகளும் வரலாம். அதைச் சாமி குற்றம் என்றோ காற்று சேட்டை என்றோ எண்ணி மந்திரிக்க அழைத்துச் செல்வதில் உயிர் காக்கும் மணி நேரங்கள் கழிந்துவிடுகின்றன. மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைக் கண்டு, விலகல் மருந்துடன் நிறுத்தினால் விரதமும் நிறைவேறும், உயிருக்கும் தீங்கில்லை.

முதற்கட்ட மருந்துகள் வீட்டு விநியோகத்திற்கு உரியவை அல்ல. குளோர்டயசிபாக்சைடு போன்றவற்றை மாதக்கணக்கில் கொடுப்பது ஒரு போதையை எடுத்து மற்றொன்றை வைப்பதாகிவிடும்.

பணியாளரின் பாதுகாப்பும் முக்கியம். தன்னார்வலர் பெண், நோயாளி பெரும்பாலும் ஆண். குடித்திருக்கும் ஆணின் வீட்டுக்குத் தனியே போகச் சொல்வது முறையன்று. முதல் சந்திப்புக்கு ஆண் சுகாதார ஆய்வாளருடன் செல்வது, காலை நேரத்தில் செல்வது, குடும்பத்தினர் இருக்கும்போது மட்டும் பேசுவது ஆகியவை குறைந்த அளவு ஏற்பாடுகள். ஏற்கெனவே பல பணிகளைச் சுமக்கும் அவருக்கு, கூடுதல் பணிக்கேற்ப ஊதியமும் பயிற்சியும் தர வேண்டும்.

இரகசியம் காக்கப்பட வேண்டும். தன்னார்வலரும் நோயாளியின் மனைவியும் ஒரே சுய உதவிக் குழுவில் இருக்கக்கூடும். குழுக் கூட்டத்தில் ஒரு சொல் வெளிப்பட்டாலும் அந்தக் குடும்பம் இனிக் கதவைத் திறக்காது. மனநலச் சிகிச்சை பெறுபவரின் தகவல்களைக் காப்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே ஆக்கியுள்ளது. குடிக்கும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்கள் ஆண்களைவிட மறைவாகக் குடிக்கின்றனர். சிகிச்சைக்கு வெளியே வரத் தயங்குகின்றனர்.

மருத்துவமனைப் படுக்கைகளும் வேண்டும். தமிழ்நாடு அரசு 2025இல் அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு ஒருங்கிணைந்த மையங்களைத் திறந்தது. மையத்திலிருந்து வீடு திரும்பும் ஒருவரின் கையில் மாத்திரை தீரும் நாளில் அடுத்த அட்டையை யார் கொண்டுவந்து தருவார் என்ற கேள்விக்கு விடை இருந்தால்தான், படுக்கையில் பெற்ற பலன் நிலைக்கும்.

உதவி பெற

குடிநோய் பற்றிய ஐயங்களுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ அணுகலாம். போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லா எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. இதில் தமிழிலும் பேசலாம். மதுவை நிறுத்திய சில நாட்களுக்குள் வலிப்பு, உளறல், கடுங்காய்ச்சல் ஆகியவை வந்தாலும், சாராயம் குடித்த பின் கண் மங்கினாலும் காத்திருக்காமல் 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.